ஒரு படி ஏத்துங்க

அந்தப் பட்டறையில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாரும் இல்லை. கடுகு என்றால்தான் தெரியும். ஆள் உருவத்தில் சின்னவள். கொஞ்சம் சூடு பட்டால் போதும், படபடவென்று வெடித்துவிடுவாள். கட்டின புருஷனே வருகிற ஆட்களிடம், "கார்புரேட்டரா? உள்ள கடுகு இருக்கு, போய்க் குடுங்க. கொஞ்சம் தள்ளி நின்னே குடுங்க" என்று சொல்லிச் சிரிப்பான். அவர்களும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் அவளும் சேர்ந்துகொள்வாள். கோபக்காரி என்று பேரெடுத்ததில் ஒரு காலத்தில் அவளுக்கே கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தப் பேர் எவ்வளவு பெரிய தொல்லை என்பது தம்பி வண்டியிலிருந்து விழுந்த பிறகுதான் தெரிந்தது. "நான் மாட்டுனது சரி" என்று அவள் மெதுவாகச் சொன்னால் சந்தேகமாகப் பார்த்தார்கள். உரக்கச் சொன்னால், "பாத்தியா, இந்தக் கோவம்தான்" என்றார்கள். சாதுவான ஆள் தப்புச் செய்தால் அது கைத்தவறு. கோபக்காரி தப்பே செய்யாவிட்டாலும் அது அவள் குணம். இந்த நியாயத்தை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியவில்லை. அவள் வீட்டில் அதற்கு மறுபேச்சே கிடையாது.

ஜன்னலோரம் இருந்த அவளுடைய கார்புரேட்டர் மேசையில் இப்போது அவள் உட்காருவதில்லை. பட்டறையின் பின்பக்கம் நின்று, பெயின்டுக்குப் போகிற மட்கார்டுகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்கு வேறொரு மெக்கானிக்கைப் பேசி வைத்திருந்தான் புருஷன். அடுத்த மாதம் முதல் அந்த ஆள் வருவதாக ஏற்பாடு. "ரொம்பப் பொறுமையான மனுஷன்" என்று அவரைப் பற்றி இரண்டு தடவை சொன்னான். அந்தப் பொறுமை யாரைக் குத்துவதற்கு என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. அந்த மேசையை விட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெடித்திருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை போலும்.

அவள் கார்புரேட்டருக்கு வந்த கதையே கோபத்தில் ஆரம்பித்த கதைதான். பள்ளிப்படிப்பு முடிந்ததும் ஒரு உதிரிபாகக் கடையின் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே ஜெட்டுகளைப் பிரித்து டப்பாவில் போட்டு வைப்பது அவள் பொறுப்பு. ஜெட் என்பது சின்னப் பித்தளைத் திருகு. நடுவில் மயிரிழை போகிற ஓட்டை. கார்புரேட்டருக்குள் அந்த ஓட்டை வழியாகத்தான் பெட்ரோல் அளவாக வந்து, காற்றோடு கலந்து இன்ஜினுக்குப் போகும். ஓட்டை எவ்வளவு பெரிசு என்பதை நம்பராகப் பக்கத்தில் பொறித்திருப்பார்கள். வாங்கிக்கொண்டு போனவர்கள் மறுநாளே திரும்பி வந்து, "தப்பான நம்பரக் குடுத்துட்டம்மா" என்று கவுண்டரில் வீசுவார்கள். முதலாளி அவளைத்தான் முறைப்பார்.

ஒரு நாள் ஒருவன் அப்படித்தான் வந்து வீசினான். அவள் ஜெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓட்டை வட்டமாகவே இல்லை. கம்பியை விட்டுக் குத்திக் குடைந்திருக்கிறான். அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. கவுண்டர் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தாள், தெருவில் நின்ற அவன் வண்டிக்குப் பக்கத்தில் குந்தினாள், அவனிடமே ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கி கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினாள். உள்ளே ஒரு ஸ்பூன் சேறு. "இந்தாங்க, உங்க தப்பான நம்பரு" என்று அவன் உள்ளங்கையில் வழித்து வைத்தாள். அதுவரைக்கும் அவள் ஒரு கார்புரேட்டரைத் திறந்ததில்லை. திறக்கும்போது கோபம் இருந்தது. துடைத்து மூடும்போது கோபம் போய் ஆசை வந்திருந்தது.

வெல்டிங் ராடு வாங்க வந்து நின்ற ஒருவன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு தேவையில்லாத சாமானையெல்லாம் அந்தக் கடையில்தான் வாங்கினான். அவனைத்தான் கட்டிக்கொண்டாள். அவனுக்கு வெல்டிங் கை, பெயின்ட் கை, எல்லாவற்றுக்கும் மேலே வாய். பட்டறைக்கு யார் வந்தாலும் முகம் கோணாமல் பேசி அனுப்புவான். கார்புரேட்டர் பக்கம் மட்டும் அவன் தலைவைத்துப் படுத்ததில்லை. "அது உன் ராஜ்ஜியம்" என்பான். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவர்களிடம் அதிகம் வந்தவை ஏடிவி வண்டிகள். மண்ணிலும் மேட்டிலும் தாவிப் போகிற, குண்டு டயர் போட்ட நாலு சக்கர பைக்குகள். வாங்கின வண்டியை வாங்கினபடி ஓட்டினால் இந்தப் பையன்களுக்குத் தூக்கம் வராது. கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டுக் குழாய் மாதிரி ஒன்றை மாட்டுவார்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியைத் தூக்கி எறிவார்கள். இன்ஜினுக்குக் காற்று தாராளமாகப் போகும். பெட்ரோல் மட்டும் பழைய அளவிலேயே நிற்கும். பிறகு, "ஓடுது, ஆனா இழுக்கல" என்று வந்து நிற்பார்கள். புதுக் காற்றுக்குத் தக்க பெட்ரோலை அளந்து கொடுக்கிற வேலை கடுகுடையது. திட்டிக்கொண்டேதான் செய்வாள். செய்து முடித்தால் வண்டி சும்மா பறக்கும்.

தம்பியின் வண்டி அதிலும் மோசம். ரெண்டு ஸ்ட்ரோக் இன்ஜின். அதில் ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகும். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் சூட்டில் வீங்கிச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும், அதோடு கதை முடிந்தது. அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பையன் அவன். அவன் வண்டியை மட்டும் மற்றவர்கள் வண்டியைவிட இரண்டு மடங்கு நேரம் பார்ப்பாள், இரண்டு மடங்கு திட்டுவாள்.

பந்தயத்துக்கு முன்னால் பல நாள் அதோடு மல்லுக்கட்டினார்கள். பட்டறைக்குப் பின்னால் இருந்த பொட்டல் வெளியில் அவன் ஓட்டிவிட்டு வருவான். அவள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்ப்பாள். வெளுத்திருந்தால் பெட்ரோல் பத்தவில்லை. கரி பிடித்திருந்தால் கூடிப்போனது. காபி நிறம் வந்தால் சரி. கட்டைவிரல் ஆக்சிலேட்டரை முழுக்க அமுக்கினால் பெரிய ஜெட்டின் வேலை. பாதியில் பிடித்தால் ஊசியின் வேலை. அந்த ஊசி ஜெட்டுக்குள் ஏறி இறங்கும். மேலே தூக்கினால் வழி திறந்து பெட்ரோல் கூடும், கீழே இறக்கினால் அடைத்துக் குறையும். ஊசியின் தலைப்பக்கம் ஐந்து சின்ன வெட்டுகள். அதில் எந்த வெட்டில் கிளிப்பை மாட்டுகிறோமோ, அந்த இடத்தில் ஊசி தொங்கும். கடைசியில் நடு வெட்டில் மாட்டி, "போய் ஓட்டு, சனியனே" என்று தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். அதற்கு முந்தின நாள்தான், வண்டியைச் சேறோடு கொண்டு வந்து நிறுத்தியதற்காக அவனை அம்மாவுக்கு எதிரிலேயே பிடிபிடியென்று பிடித்திருந்தாள். அந்தச் சண்டை பிற்பாடு அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

பந்தயத்துக்கு அவளால் போக முடியவில்லை. அன்று இரண்டு பேர் வண்டி எடுக்க வருவதாக இருந்தது. "நான் மாப்ள கூடப் போறேன், நீ பட்டறையப் பாத்துக்க" என்றான் புருஷன். காலையில் நல்ல குளிர். குளிர் காற்று கனமானது. அது உள்ளே போனால் நேற்றுப் போதுமாயிருந்த பெட்ரோல் இன்று பத்தாது. அவள் நினைத்த மாதிரியே போன் வந்தது. அந்தப் பக்கம் ஒரே இரைச்சல்.

"நடுவுல தயங்குதாம்" என்றான் புருஷன்.

"பாதி அமுக்குறப்பவா?"

"ஆமாங்கறான்."

"அப்ப ஊசிதான். கார்புரேட்டர் மேல் மூடியத் திருகுங்க, ஊசியோட வெளிய வரும். கிளிப்பு இருக்கும் பாருங்க. ஒரு படி ஏத்துங்க."

"ஏத்தணுமா?"

"ஏத்துங்கன்னா ஏத்துங்க. ஒரே ஒரு படி."

மதியம் வந்த போனில் அவன் குரலே மாறியிருந்தது. நீளமான மேட்டில் பாதி ஆக்சிலேட்டரிலேயே ஏறிக்கொண்டிருந்தபோது பிஸ்டன் இறுகி, பின்சக்கரங்கள் இரண்டும் நின்ற இடத்தில் நின்றுவிட்டன. தம்பி முன்னால் போய் விழுந்தான். வண்டி புரண்டு அவன் மேல் ஏறி இறங்கியது. காறை எலும்பு முறிவு, மணிக்கட்டு முறிவு. "உசுருக்கு ஒண்ணும் இல்ல" என்றான் புருஷன். அவள் பட்டறை ஷட்டரை இழுத்துவிட்டு, பெட்ரோல் கையோடு ஓடினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்த்ததும் முதலில் சொன்ன வார்த்தை இதுதான்: "கோவத்துல எத எங்க மாத்தி முடுக்கித் தொலைச்சியோ."

"நான் சரியாத்தாம்மா மாட்டுனேன்."

"முந்தா நாள் அவன அந்தப் பேச்சுப் பேசுனியே, நான் பாத்துட்டுத்தான இருந்தேன். மனசு ஒரு பக்கம், கை ஒரு பக்கம் இருந்தா இப்படித்தான் ஆகும்."

"நான் சரியாத்தான் மாட்டுனேங்கறேன்ல!"

அவள் கத்தியது வராந்தா முழுக்கக் கேட்டது. ஒரு நர்ஸ் வந்து சத்தம் போடக் கூடாது என்றாள். அம்மா அந்த நர்ஸிடம், "அவ அப்படித்தாம்மா" என்றாள். புருஷன் தம்பியின் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றிருந்தான். பாவம், மச்சினன் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன், ஆடிப்போயிருக்கிறான் என்று நினைத்து, அவளே போய் அவனுக்குத் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தாள். அதற்காக இப்போதும் அவள் தன்னையே திட்டிக்கொள்வாள்.

"நான் சொன்ன மாதிரிதான ஏத்துனீங்க?" என்று அன்று சாயங்காலம் கேட்டாள்.

"நீ சொன்ன மாதிரிதான் ஏத்துனேன்" என்றான்.

அப்புறம் ஊர்வாய் தன் வேலையைத் தொடங்கியது. தம்பியோடு ஓட்டுகிற பையன்கள் டீக்கடையில், "கடுகு கோவத்துல ஜெட்ட மாத்திப் போட்டுடுச்சாம்" என்று பேசிக்கொண்டார்கள். கூடப்பிறந்தவன் வண்டியிலேயே இப்படி என்றால் நம் வண்டியில் எப்படியோ என்று இரண்டு பேர் கார்புரேட்டரை வேறு பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். புருஷன் ஒரு நாள் ரொம்பப் பதமாக ஆரம்பித்தான். "கொஞ்ச நாள் கார்புரேட்டர விட்டுடேன். மனசு ஆறட்டும். பெயின்ட் பக்கம் பாரு" என்றான். அவள் குதித்தாள். குதித்தது அவனுக்கு வசதியாகப் போனது. "பாரு, இன்னும் உனக்கு ஆறல" என்றான். பொறுமையான மனுஷனைப் பேசி முடித்ததும் அந்த வாரம்தான். விழுந்த வண்டி மட்டும் அம்மா வீட்டுக் கொட்டகையிலேயே கிடந்தது. எடுத்து வரச் சொன்னால், "முதல்ல பையன் எழுந்து நடமாடட்டும்" என்று பிடி கொடுக்காமல் நழுவுவான்.

பையன் எழுந்து நடமாடினான். கட்டுப் பிரித்ததும் யாரையும் கேட்காமல் வண்டியை லோடு வண்டியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்பிவிட்டான். புருஷன் பெயின்ட் வாங்கப் போயிருந்தான். இறக்கி வைத்துவிட்டு டிரைவர் போனதும், கடுகு கையிலிருந்த உப்புத்தாளைப் போட்டுவிட்டு வந்து வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். ஹேண்டில் கோணியிருந்தது, மட்கார்டு ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. கார்புரேட்டருக்கு ஒரு கீறல்கூட இல்லை. மட்கார்டு தேய்க்கிறவள் இதைத் தொடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு, "என் ராஜ்ஜியம்தான" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு கழற்ற ஆரம்பித்தாள்.

அடிக்கிண்ணத்தைக் கழற்றினாள். பெரிய ஜெட் அவள் போட்ட நம்பர்தான். சின்ன ஜெட்டும் அதேதான். இரண்டும் சுத்தமாக இருந்தன. மேல் மூடியைத் திருகி ஊசியை வெளியே எடுத்தாள்.

கிளிப்பை அவள் மாட்டியிருந்தது நடு வெட்டில். ஊசியை ஒரு படி ஏற்றுவதென்றால் கிளிப்பை ஒரு வெட்டு கீழே இறக்க வேண்டும். அப்போதுதான் ஊசி மேலே தூக்கும். கிளிப் இருந்ததோ நடு வெட்டுக்கு மேல் வெட்டில். யாரோ கிளிப்பை ஏற்றியிருக்கிறார்கள். ஊசி இறங்கிவிட்டது. ஏற்கெனவே பெட்ரோலுக்குத் தவித்த இன்ஜினுக்கு இருந்ததையும் பிடுங்கிக்கொண்டு, மேட்டில் ஏறச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ஏத்துங்க. அவள் சொன்னது ஊசியை. அவன் ஏற்றியது கிளிப்பை.

இது கையில் கார்புரேட்டர் பிடிக்கிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு. அவளே கடைக் காலத்தில் செய்திருக்கிறாள். போனில் அவள் கிளிப் என்றாள், அடுத்த வாக்கியத்தில் ஏத்துங்க என்றாள், நடுவில் ஊசி என்கிற வார்த்தையைச் சொல்லவில்லை. அவளுக்கு ஊசியைத் தவிர ஏற்றுவதற்கு உலகத்தில் வேறொன்றும் கிடையாது, அதனால் சொல்லவில்லை. இதை நினைத்தபோது கோபத்துக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாடா, விஷயம் இவ்வளவுதானா, அவர் வந்ததும் காட்டினால் தலையில் அடித்துக்கொண்டு அவரும் சிரிப்பார் என்று ஊசியைத் துணியில் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவன் பெயின்ட் டப்பாக்களோடு உள்ளே வந்தான். வண்டியைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. அவள் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

அந்த முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு மிச்சமெல்லாம் புரிந்தது.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"இரு, நான் சொல்றத..."

"எப்பலேருந்து தெரியும்?"

அவன் டப்பாக்களை மெதுவாகக் கீழே வைத்தான். "ஆஸ்பத்திரிலேருந்து வந்த மறுநாள். உன் மேசைல ஒரு பழைய கார்புரேட்டர் கெடந்துச்சு. எடுத்து மாட்டிப் பாத்தேன். கிளிப்பு மேல போனா ஊசி கீழ போகுது. அப்பதான் தெரிஞ்சது."

"மறுநாளேவா? இத்தன நாளா வாயில கொழுக்கட்டையா?"

"எப்படிச் சொல்லச் சொல்ற? மச்சினன நானே கொல்லப் பாத்தேன்னா? உங்கம்மா அதுக்கப்புறம் என்னை மனுஷனா மதிப்பாங்களா?"

"என்னை மதிச்சாங்களா? நர்ஸ் முன்னாடி வச்சு அவ அப்படித்தான்னு சொன்னாங்களே, கடைசியாக் கை வச்சது நான்னு சொல்லாம அப்ப ஹெல்மெட்டுக்குள்ளயா பூந்திருந்தீங்க? டீக்கடைல பேசறானுங்களே, காதுல விழலியா? கூடப் பொறந்தவன் எலும்ப முறிச்சவளாம்னு எனக்குப் பேரு. அதக் கேட்டுக்கிட்டே எதிர்ல உக்காந்து சோறு தின்னீங்களே!"

"நீதான ஏத்துன்னு சொன்ன" என்றான் அவன். சொல்லியிருக்கக் கூடாது. அவனுக்கே சொன்னபிறகுதான் தெரிந்தது.

"ஆமா, நான்தான் சொன்னேன். எதைன்னு சொல்லல. அந்தப் பாதித் தப்பு என்னோடது. அத நான் டீக்கடைல போய் நின்னு சொல்லுவேன், எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல. மாத்தி மாட்டுனது உங்க பாதி, அதுவும் தெரியாமப் பண்ணது, போகட்டும். மூடி மறைச்சீங்களே, அதுல யாருக்குப் பங்கு?" மூச்சு வாங்கியது அவளுக்கு. ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. "இருங்க. இந்த வண்டிய இங்க கொண்டாராம இழுத்தடிச்சது இதுக்குத்தான? மேசைய விட்டு என்னைக் கெளப்புனதும் இதுக்குத்தான? நான் அங்க உக்காந்திருந்தா என்னைக்காவது இதத் தொறந்து பாத்துடுவேன்னு!"

அவன் குனிந்து டப்பாக்களை வரிசையாக அடுக்க ஆரம்பித்தான். இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

அவள் பிறகு போட்ட சத்தத்தை இங்கே எழுதி மாளாது. எதிர் வரிசைக் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அவர்களும் அவ அப்படித்தான் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அவ்வளவு நாள் அடக்கியதெல்லாம் சேர்த்துக் கொட்டினாள். கடைசியில், "அந்தப் பொறுமைசாலிக்குப் போன் போடுங்க. வர வேணாம்னு என் காதுல விழச் சொல்லுங்க" என்றாள். அவன் போட்டான். சொன்னான். "இப்ப அம்மா வீட்டுக்கு வாங்க. நான் பேச மாட்டேன். நான் பேசுனா அது கோவமாயிடும். நீங்க பேசுங்க, உங்களுக்குத்தான் நல்ல வாயாச்சே."

அம்மா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, டாக்டர் சொன்னபடி ஒரு ரப்பர் பந்தைக் கையில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான். ஊரில் எல்லோரிடமும் தேனாகப் பேசுகிற புருஷன் அங்கே வார்த்தை தேடித் தடுமாறினான்.

"மாப்ள, அன்னைக்கு அந்தக் கிளிப்பு... நான்தான்டா மாத்தி மாட்டிட்டேன். உங்க அக்கா மேல தப்பில்ல."

அம்மாவின் கை பாதி மடித்த துணியோடு நின்றது. கடுகு அம்மாவின் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஏதாவது ஒன்று அசைய வேண்டும் என்று பார்த்தாள். அதற்குள் தம்பி, "விடுங்க மாமா, எனக்குத் தெரியும்" என்றான்.

"என்னடா தெரியும்?" என்று கேட்டது கடுகு.

"நான் பக்கத்துலதானக்கா நின்னேன். கிளிப்ப மேல மாட்டுனாரு. எனக்கும் அப்ப சரியாத் தோணல. ஓட்டுனா முன்னவிட மோசமாத் தயங்குச்சு. அதுக்குள்ள ஸ்டார்ட்டுக்குக் கூப்ட்டுட்டாங்க. விழுந்தப்பவே புரிஞ்சுடுச்சு."

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

"மாமா பாவம்க்கா. மொகத்தப் பாத்தியா அவரு அன்னைக்கு? அம்மாவும் சும்மா விட மாட்டாங்க." பந்தை ஒரு தடவை அமுக்கினான். "நீன்னா கத்துவ. கத்தி முடிச்சுட்டு மறந்துடுவ."

எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பங்கு போட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. பரிதாபம் அவருக்கு, அனுதாபம் இவனுக்கு, பழி மட்டும் தாங்குகிறவள் தலையில். யாரும் அவளை வெறுக்கவில்லை. வெறுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் தாங்கிக்கொள்வாள் என்று முடிவு செய்துவிட்டு, நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

"சரி, ஆனது ஆச்சு" என்று அம்மா துணியை மடித்து முடித்தாள். "மாப்பிள்ளை வேணும்னா பண்ணாரு? ஏதோ கைத்தவறு."

"அவருக்குக் கைத்தவறு! எனக்கு மட்டும் குணமா?" கடுகு எகிறினாள். "கோவத்துல முடுக்கித் தொலைச்சேன்னியே, இப்ப சொல்லு, எதம்மா முடுக்குனேன்? ஒரு வார்த்த, தப்பாச் சொல்லிட்டேன்டின்னு ஒரு வார்த்த வருதா உன் வாயிலேருந்து?"

"இப்ப எதுக்குடி கத்துற? அதான் தெரிஞ்சுபோச்சே" என்றாள் அம்மா.

தம்பிக்கு இது பழகின சத்தம். முடியும் வரைக்கும் காத்திருந்தான். அவள் நிறுத்தியதும், சமாதானமாகச் சிரித்துக்கொண்டு, "சரிக்கா. கோவம் தீந்துச்சுல்ல? சிலிண்டர் வேல முடிஞ்சதும் நீயே உக்காந்து ஜெட் போட்டுக் குடுத்துடு. டாக்டர் ஓட்டலாம்னுட்டாரு" என்றான்.

"சிலிண்டர் வேல பட்டறைல நடக்கும். கார்புரேட்டருக்கு வேற ஆளப் பாத்துக்க."

"இன்னுமா கோவம்?"

"கோவம்னா நாளைக்குப் போயிடும்டா. இது போகாது." அவள் குரல் இறங்கியிருந்தது. அம்மாகூட நிமிர்ந்து பார்த்தாள். "நீ மேட்டுல ஏறுறப்ப நான் உன் பின்னாடி உக்காந்திருக்கனா? பிளக்கப் பாத்தா பாதிதான் தெரியும். மீதிய நீ வந்து சொல்லணும். நடுவுல தயங்குதும்ப, ஊசியத் தூக்குவேன். மேல இருமுதும்ப, ஜெட்ட மாத்துவேன். அந்த ஒரு வார்த்தைய நம்பித்தான் உன்னை அதுல ஏத்தி அனுப்புறேன். கண்ணால பாத்தத, யாரோ பாவம்னு நீ மென்னு முழுங்குவேன்னா, நான் எத நம்பிடா மாட்டுறது?"

"கூடப் பொறந்தவன்டி" என்றாள் அம்மா.

"அதனாலதாம்மா மாட்டேங்கறேன். வேற எவனாவது இருந்தா, விழுந்தா விழட்டும்னு மாட்டிக் குடுத்திருப்பேன்."

தம்பி பந்தை அமுக்குவதை நிறுத்தியிருந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். வாசல்படி வரைக்கும் போய்விட்டவள் அங்கேயே நின்றாள். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று கேட்க அவளுக்கு உண்மையிலேயே ஆசையாக இருந்தது.

"மாமா," என்றான் அவன், "நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க மாமா."

கடுகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.